பன்னிரண்டு பேர் தாங்கும்

வெண்களிப்பாக்கம் ஏரியில் படகு விடுவதென்று பேரூராட்சித் தலைவர் மாணிக்கவேல் முடிவு செய்தபோது ஏரியில் முழங்கால் நனையத் தண்ணீர் இல்லை. ஐப்பசியில் மழை தன் பாட்டுக்கு வந்து ஏரியை நிரப்பிவிட்டுப் போனது. அதற்காக மாணிக்கவேலுக்கு நன்றி சொல்லி விருத்தாசலம் ஜங்ஷன் வரைக்கும் பேனர் கட்டினார்கள். பேனரில் அவர் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு பெரிய கப்பலின் முனையில் நின்றார். வந்து இறங்கியது ஒரே ஒரு ஃபைபர் படகு. நாலு பெஞ்சு, பின்னால் ஒரு மோட்டார், மேலே கோடு போட்ட துணிக்கூரை.

அதைச் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலை ஓவர்சியர் ஆனந்தராஜ் தலையில் விழுந்தது. இருபத்து நான்கு வருட சர்வீசில் அவர் கையெழுத்துப் போட்டதெல்லாம் ஒரே இடத்தில் கிடக்கிற சாமான்கள்: சாக்கடை, சிமெண்ட் ரோடு, தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுக் கொட்டகை. மிதக்கிற ஒன்றுக்குச் சான்று கேட்டது இதுதான் முதல்முறை. படகைச் சுற்றிவந்து பார்த்தார். பின்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. ஆட்கள் எட்டு, எடை அறுநூறு கிலோ என்று அதில் அடித்திருந்தது. அதையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கதையில் யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

"எட்டா?" என்றார் மாணிக்கவேல். "எட்டு பேர ஏத்தறதுக்கு எதுக்குய்யா படகு? ஷேர் ஆட்டோவே அவ்ளோ பேர ஏத்துது."

"தகடுல அப்படித்தான் போட்டிருக்குதுங்க தலைவரே."

"ஆளுக்கு எவ்ளோன்னு போட்டிருக்கான்? வகுத்துப் பாரு."

"எழுவத்தஞ்சு கிலோ வருதுங்க."

"நம்ம ஊர்ல எழுவத்தஞ்சு கிலோ எவன் இருக்கான்? என்னைய வுட்டுட்டுச் சொல்லு."

மாணிக்கவேலுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி இருந்தது. பீங்கான் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு உலகத்தில் எடை என்றால் ஒன்றுதான்: களிமண் தூள் மூட்டை. மூட்டைக்கு ஐம்பது கிலோ. லாரி எத்தனை மூட்டை தாங்கும், பரண் எத்தனை மூட்டை தாங்கும் என்றுதான் பேசுவார்கள். கம்பெனிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஆனந்தராஜுக்கும் அந்தக் கணக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. அதனால் தலைவர் அடுத்துச் சொன்னது அவருக்குப் பிழையாகவே படவில்லை.

"ஒரு மூட்ட ஒரு ஆளு. அறநூறுக்குப் பன்னெண்டு மூட்ட. ஏத்தி வுட்டுப் பாரு. முழுவுனா எட்டுன்னு எழுது. முழுவலன்னா பன்னெண்டுன்னு எழுது. நான் சயின்ஸ் பேசறன்."

சயின்ஸ் அன்று மத்தியானமே நடந்தது. தலைவரின் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு மூட்டைகள் வந்தன. அவற்றைத் தூக்கிப் படகில் அடுக்கியவர் கொளஞ்சியப்பன். அதே கம்பெனியில் பத்தொன்பது வருடம் மூட்டை சுமந்தவர். ஆனந்தராஜின் அக்கா விருத்தாம்பாளின் வீட்டுக்காரர். மூட்டைத் தூசி நெஞ்சில் இறங்கி இருமத் தொடங்கியபோது, காற்றோட்டமான வேலை என்று சொல்லிப் படகோட்டி வேலையை வாங்கிக் கொடுத்தவர் ஆனந்தராஜ்தான். நீச்சலில் கொளஞ்சியப்பனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

படகு மூட்டைகளோடு ஏரியை மூன்று சுற்றுச் சுற்றியது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரற்கடை மிச்சம். ஆடவில்லை, சாயவில்லை. கரையில் நின்ற ஆனந்தராஜ் திருப்தியோடு எழுதினார்: 'பன்னிரண்டு பேர் தாங்கும். நேரில் சோதித்தேன்.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

மூட்டைகளை இறக்கிவிட்டு முதுகைத் துடைத்துக்கொண்டே கொளஞ்சியப்பன் கேட்டார்: "மாப்ள, மூட்ட போட்ட எடத்துல கெடக்கும். மனுசன் கெடப்பானா? பன்னெண்டு தாங்குமாப்பா?"

"தாங்கும் மாமா. நான் கையெழுத்துப் போட்டிருக்கன்ல."

"நீ சொன்னா சரி."

படகோடு எட்டு லைஃப் ஜாக்கெட்டுகள் வந்திருந்தன. பன்னிரண்டு பேருக்கு எட்டு என்றால் மீதி நாலு பேர் சண்டைக்கு வருவார்கள் என்று தலைவர் யோசித்தார். சண்டையைத் தவிர்க்க யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று முடிவானது. எட்டும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பேரூராட்சி அலுவலகப் பீரோவுக்குள் போயின. சமத்துவம் இப்படியும் வரும்.

ஏரி வறண்டு கிடந்தபோதே அதன் நடுவே தலைவரின் கம்பெனி உபயத்தில் பத்தடி உயரப் பீங்கான் அன்னம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். சிமெண்டு பீடத்தில் தலைவரின் பெயர். அன்னத்தின் இறக்கையைவிட எழுத்து பெரிதாக இருந்தது. "அன்னத்துக்கிட்ட ரெண்டு நிமிசம் நிறுத்து. ஜனங்க போட்டா எடுக்கட்டும். பேரு தெளிவா வுழணும்" என்று கொளஞ்சியப்பனுக்கு உத்தரவு. கரையில் பெரிய போர்டு: 'ஒரு படகில் 12 நபர்கள்.'

திறப்பு விழாவில் பதினேழு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. அதற்கு அடுத்த இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் படகு அன்னத்துக்கு அருகில் நின்றது. பன்னிரண்டு மூட்டைகளும் எழுந்து ஒரே பக்கமாகப் போய் நின்று போனை எடுத்தன.

ஆனந்தராஜ் அந்த நேரம் முடிவெட்டுகிற கடையில் இருந்தார். படகு கவிழ்ந்ததாகப் போன் வந்ததும் கழுத்துத் துணியோடு வண்டியை எடுத்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பேர் பீடத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பதினோராவது, வெண்பா என்கிற எட்டு வயதுப் பிள்ளை. கொளஞ்சியப்பன்தான் அவளைத் தள்ளிக்கொண்டு வந்து பீடத்தில் ஏற்றியதாகச் சொன்னார்கள். பன்னிரண்டாவது அந்தப் பிள்ளையின் அம்மா, ஸ்ரீமுஷ்ணத்து அம்புஜவல்லி. அவரைத் தேடிக் கொளஞ்சியப்பன் மறுபடி முங்கினாராம். அன்னத்துக்கு அந்தப் பக்கம் முன்னொரு காலத்தில் களிமண் வெட்டிய குழிகள் இருந்தன. அந்தக் களி காலைப் பிடித்தால் விடாது. இருவரையும் மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள்.

பாதி முடி வெட்டிய தலையோடு ஆனந்தராஜ் மாமாவைச் சுடுகாடு வரை தூக்கிப் போனார். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வெண்பாவின் அப்பா விருத்தாம்பாளிடம் சத்தம் போடாமல்தான் சொன்னார்: "ஒம் புருஷன் ஆள அடச்சி ஏத்தி எம் பொண்டாட்டிய கொன்னுட்டாம்மா." அவர் விபத்தின்போது கரையில் பஜ்ஜி வாங்கிக்கொண்டு நின்றவர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.  அந்த வார்த்தை விருத்தாம்பாளுக்குள் உட்கார்ந்துகொண்டது. பதினாறு நாளும் வந்தவர் போனவர் எல்லோரிடமும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அவரா அடச்சி ஏத்துனாரு? போர்டுல பன்னெண்டுன்னுதான போட்டிருந்திச்சி?"

போர்டில் இப்போது அப்படி இல்லை. விபத்து நடந்த நாலாம் நாள் ஆனந்தராஜ் போய்ப் பார்த்தபோது, 'ஒரு படகில் 8 நபர்கள்' என்று இருந்தது. 8 மட்டும் புதுப் பெயிண்ட்டில் பளபளத்தது.

அன்றைக்கே தலைவர் ஆனந்தராஜைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் படகுக் கோப்பு. தலைவர் அதிலிருந்து ஒரு தாளை உருவி எடுத்தார்.

"இதுல ஒரு பேப்பரு கூடுதலா இருந்திச்சி ஆனந்து. ஒன்னுதுதான். நீயே வச்சிக்க."

ஆனந்தராஜ் வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு பேர் தாங்கும். நேரில் சோதித்தேன்.

"விசாரண வருது. தகடுல எட்டு, போர்டுல எட்டு. ஏத்துனது பன்னெண்டு. செத்தவரு மேல எந்தக் கோர்ட்டுலயும் கேஸ் நடத்த முடியாது பாரு. யாருக்கும் சேதாரம் இல்ல. நான் ஒனக்காகத்தான் பாக்கறன்." தலைவர் தொடர்ந்தார்: "நம்ம அன்னம் இல்லன்னா பதினோரு உயிரு போயிருக்கும். அதையும் அறிக்கையில எழுதச் சொல்லியிருக்கன்."

கிழித்துப் போடு என்று அவர் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

ஆனந்தராஜ் கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து மனைவி கயல்விழி அதை எடுத்துப் படித்தாள்.

"செத்தவரு இனிமே வரப்போறதில்ல," என்றாள். "நீங்க உள்ள போயிட்டா நானும் ஒங்க பொண்ணு துர்காவும் எங்க போறது? அக்காவ நாம பாத்துக்குவம். காலம் பூரா பாத்துக்குவம்." அவள் கெட்டவள் இல்லை. சொல்லும்போதே அழுதாள். தாளை நாலாக மடித்து மறுபடி அவர் பையிலேயே வைத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள் ஆனது. விசாரணை அதிகாரியின் நோட்டீஸ் விருத்தாம்பாளுக்கு வந்தது. 'படகோட்டி அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை மீறி ஆட்களை ஏற்றியது தொடர்பாக' என்று ஆரம்பித்தது. தபால்காரரையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, விருத்தாம்பாள் காலை ஒன்பது மணிக்குத் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஆனந்து, ஒரு வெள்ளத் தாளும் பேனாவும் எடுத்துக்க. மணவாளநல்லூர் போவணும். பிராது கட்டணும்."

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது வழக்கம்தான். திருட்டுப் போனாலும், பங்காளி ஏமாற்றினாலும், கட்டினவன் ஓடிப்போனாலும், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமிக்கு மனு எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். யார் மேல் புகார், என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று ஊர் பெயர் விலாசத்தோடு எழுதுவார்கள். ஆனந்தராஜ் வேலை பார்க்கிற அலுவலகத்துக்கு எழுதுவதைவிட அங்கே எழுதுகிறவர்கள் அதிகம். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே கோப்பு தொலைவதில்லை.

"ஒரு வருசம் கோயிலுக்குப் போவக்கூடாதுன்னு சொல்லுவாங்களேக்கா," என்றார்.

"நான் வெளியவே நிக்கறன். நீ உள்ள போயிக் கட்டு. ஒனக்கென்ன தீட்டு?"

கயல்விழி கதவோரத்தில் நின்று அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் செருப்பைப் போட்டார்.

ஆட்டோவில் போகும்போது விருத்தாம்பாள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். மனசு ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்கள் பேசுகிற மாதிரி. "ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு அவரு சொல்லுவாரு. எம் மச்சான் ஒரு தரம் எழுதிட்டான்னா கலெக்டரே மாத்த முடியாதும்பாரு." ஆனந்தராஜ் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தார்பாய் கட்டிய களிமண் லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் அதை முந்துகிற வரைக்கும் ஆனந்தராஜ் மூச்சு விடவில்லை.

கோயிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தொடைமேல் பழைய காலண்டர் அட்டையை வைத்து, அதன்மேல் தாளை வைத்துக்கொண்டார்.

"சொல்லுக்கா."

அவள் சொன்னாள். சாமி பெயரும் வீட்டுக்காரர் பெயரும் ஒன்றாக இருந்ததால் இரண்டையும் சொல்லாமல், "இந்தச் சாமிக்கு", "அவரு பொண்டாட்டி" என்றே சொல்லிக்கொண்டு போனாள். அவர் இடங்களை நிரப்பினார். வெண்களிப்பாக்கம் கொளஞ்சியப்பன் மனைவி விருத்தாம்பாள் எழுதிக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஒருத்தர் சோத்துல மண்ணள்ளிப் போட்டவர் இல்லை. எட்டுப் பேர் ஏறுகிற படகில் பன்னிரண்டு பேர் ஏறலாம் என்று எவனோ எழுதி வைத்தான். எழுதினதை நம்பி அவர் ஏற்றினார். இப்போது அவரே கொன்றதாகச் சொல்கிறார்கள். ஒரு தாயில்லாப் பிள்ளை அப்படியே நம்பி வளரப்போகிறது.

"அந்தப் பன்னெண்ட எழுதினவன் யாருன்னு நீதான் காட்டணும் சாமின்னு எழுது."

ஆனந்தராஜ் எழுதினார்.

"பேரு தெரியாதுல்ல, அங்க ஒரு எடம் வுட்டுடு. சாமியே எழுதிக்கட்டும்."

அவர் இடம் விட்டார். பேனாவை மூடவில்லை. மரத்திலிருந்து ஒரு இலை விழுந்து தாள்மேல் உட்கார்ந்தது. அதை ஊதித் தள்ளினார். பிறகு அந்த வெற்றிடத்தில், முத்து முத்தாக, கோடு போட்ட மாதிரி நேராக எழுதினார். எழுதி முடித்துத் தாளை அக்காவிடம் நீட்டினார். அவள் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கடைசி வரிக்கு வர அவளுக்கு நேரமானது. வந்தபின் அந்த வரியிலேயே வெகுநேரம் இருந்தாள்.

"இது ஒம் பேரு," என்றாள்.

ஆனந்தராஜ் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அதன்மேல் வைத்தார். அதையும் அவள் எழுத்துக் கூட்டினாள். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

"எப்படிப்பா பாத்த, பன்னெண்டு தாங்கும்னு?"

"மூட்ட ஏத்திப் பாத்தன்."

"மூட்டயா?"

"களிமண் மூட்ட. மாமாதான் ஏத்துனாரு."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். பத்தொன்பது வருடம் மூட்டைத் தூசி படிந்த சட்டையைத் துவைத்தவள்.

"அவரு ஒண்ணும் கேக்கலயா?"

பொய் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சாட்சி யாரும் இல்லை. "கேட்டாரு," என்றார் ஆனந்தராஜ். "மூட்ட கெடக்கும், மனுசன் கெடப்பானான்னு கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"தாங்கும்னன். கையெழுத்துப் போட்டிருக்கன்னு சொன்னன். நீ சொன்னா சரின்னாரு."

அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் காத்திருந்தார். அதில் ஏதாவது ஒன்றை அவள் செய்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"பத்தொம்போது நாளா எம் பக்கத்துல ஒக்காந்திருந்தியே ஆனந்து. காரியம் பண்ண. பொறந்த வூட்டுக் கோடி போட்ட. நான் ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டப்ப நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"வேல போயிடும்னு பயந்துட்டன்க்கா. துர்கா இருக்குது."

"இருக்குது," என்றாள் அவள். "வெண்பான்னு ஒரு புள்ளையும் இருக்குது."

ஆனந்தராஜ் எழுந்தார். "குடுக்கா. உள்ள போயிக் கட்டிட்டு வரேன்."

"எதுக்கு? யாருன்னு தெரியாதவங்கதான் சாமிகிட்ட கேக்கணும். எனக்குத் தெரிஞ்சி போச்சி." இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்து அவர் கையில் கொடுத்தாள். விரல் படாமல் கொடுத்தாள். "கொண்டுபோயி அந்த ஆபீசர்கிட்ட குடு. இன்னிக்கே குடு. நாளைக்கின்னா நீ போவ மாட்ட."

ஷேர் ஆட்டோவில் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். நடுவே ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். வெண்களிப்பாக்கம் பஸ் நிற்கிற பக்கம் அவள் திரும்பவில்லை. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸின் படியில் கால் வைத்தாள்.

"எங்கக்கா போற?"

"அந்தப் புள்ளையோட அப்பாகிட்ட சொல்லணும். எழுதினது அவரு இல்ல, எந்தம்பின்னு. ஒங்கம்மாவத் தேடித்தான் திரும்பப் போனாருன்னு அந்தப் புள்ளைகிட்டயும் சொல்லணும்."

"என்னா சொல்லுவாங்களோ. நானும் வரேன்க்கா."

"நீ வராத."

அவள் ஏறிக்கொண்டாள். ஆனந்தராஜ் நின்ற பக்கத்து ஜன்னல் சீட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும்போது ஆனந்தராஜுக்கு அவள் பின்தலை மட்டும் தெரிந்தது. பூ இல்லாத கொண்டை. பிறகு அதுவும் தெரியவில்லை.

விசாரணை அலுவலகத்தில் பியூன் சாப்பாட்டுப் பையைத் திறந்துகொண்டிருந்தார். "அய்யா சாப்படப் போயிட்டாருங்க. மூணு மணி ஆவும். தபாலுன்னா அந்தப் பொட்டியில போட்டுட்டுப் போங்க."

பெட்டி சுவரோரமாக, வாயைத் திறந்துகொண்டு இருந்தது. போட்டுவிட்டுப் போகலாம். கொடுத்தேன் என்று அக்காவிடம் சொல்லலாம்; பொய்யும் ஆகாது. அப்படிப்பட்ட பெட்டிகளுக்குள் போன காகிதங்கள் பிறகு எந்தத் தலைவர் மேசைக்கு வந்து சேரும் என்பது இருபத்து நான்கு வருடம் சர்வீஸ் போட்டவருக்குத் தெரியாதா? ஆனந்தராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். கயல்விழி இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மூன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அதிகாரி இளம் வயதுக்காரர். கோப்பிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"படகு விபத்தா? நீங்க யாரு? இறந்தவங்க தரப்பா, பேரூராட்சி தரப்பா?"

ஆனந்தராஜ் இரண்டு தாள்களையும் பிரித்து மேசைமேல் வைத்தார். மடிப்புகளைக் கையால் தேய்த்து நேராக்கினார்.

"பன்னெண்டுன்னு எழுதினவன்," என்றார்.